சோறுண்டவள்

சோறு என் உதட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நிற்கிறது, கை நடுங்க வேண்டும், ஆனால் பருக்கை சிந்தக் கூடாது, இது பதினேழாவது டேக், ஆவி பறப்பதற்காக இலைக்கு அடியில் சுட்ட கல்லை வைத்திருக்கிறார்கள், அந்தச் சூடு மூக்கில் ஏறுகிறது, எனக்குப் பக்கவாட்டில் வரிசையாக ஆறு பெண்கள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், கேமராவுக்கு அவர்களுடைய முதுகு மட்டும்தான் தெரியும், அந்த ஆறு முதுகுகளில் ஒன்று குலுங்குகிறது, அது பவுனு, பவுன்தாய், தேனிக்காரி, சாகக் கிடக்கும் வீராங்கனை சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குகிறாள், உதடு அசையாமல் சொல்கிறாள், சீக்கிரம் தின்னு தொலைடி, எனக்கு முதுகு அரிக்குது. நான் தின்கிறேன், ஒரு கவளம், இன்னொரு கவளம், மென்று விழுங்கும்போது கண்ணில் நீர் வந்துவிடுகிறது, அது நடிப்பா கல்லின் சூடா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, இயக்குநர் மெய்கண்டன் கட் சொல்ல மறந்து நிற்கிறார், நூறு பேர் இருக்கும் இடத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்கிறது, நான் இலையை வழித்து முடித்துவிட்டேன், உடம்பெல்லாம் புல்லரித்துக் கிடக்கிறது, பதின்மூன்று வருடங்களாக மற்றவர்கள் அழும்போது பின்வரிசையில் நின்று அழுதவள் நான், நர்சாக, பெண் போலீசாக, கல்யாண வீட்டில் தட்டு ஏந்திய அத்தையாக, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கேமரா எனக்காகக் காத்திருந்தது.

தொடருக்குப் பெயர் எழுவர், சனி ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வரும், எந்தக் காலம் என்று சொல்லாத ஒரு பழங்காலம், எந்த வரைபடத்திலும் இல்லாத கொடுமலை என்ற நாடு, மலைக்குள் உறங்கும் நெருப்புப் பாம்பு, பறவை பாஷை பேசும் சூனியக்காரர்கள், இதற்கெல்லாம் நடுவில் ஓர் அரசி, அவளுக்கு ஏழு மெய்க்காவலர்கள், ஏழு பேரும் பெண்கள், வாளின்மேல் கைவைத்து அவர்கள் சொல்லும் வஞ்சினம் ஒன்றுதான், அரசி வீழ்ந்தால் நாங்கள் எழுவரும் வடக்கு நோக்கி அமர்வோம், அன்னமும் தண்ணீரும் தொடோம், அவள் போன வழியே போவோம். அரசி வீழ்கிறாள், எழுவரும் அமர்கிறார்கள், மூன்றாம் நாள் விடியலில் எழுவரில் கடைசியாளான கொற்றி எழுந்துபோய்ச் சோறு உண்கிறாள், உண்டுவிட்டுத் தெற்குப் பார்த்து நடந்து மலைக்குள் மறைகிறாள், அந்தக் கொற்றிதான் நான். அவள் ஏன் உண்டாள் என்பது எங்களில் சிலருக்குத் தெரியும், அரசிக்கு ஒரு பச்சைக்குழந்தை இருக்கிறது, பகைவருக்குத் தெரியாமல் அதைச் சுமந்துகொண்டு கணவாய் தாண்ட வேண்டும், பட்டினி கிடந்த கால்கள் கணவாய் தாண்டாது, ஆனால் பார்ப்பவர்களுக்கு அது இருபது வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும் என்று மெய்கண்டன் சொன்னார், அதுவரைக்கும் நீங்க வாங்கிக் கட்டிக்கணும் மேடம், தயாரா இருங்க. அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான், நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன், அப்பப்பா, தாம்பரம் பேருந்தில் ஓர் அம்மா தன் பக்கத்து இருக்கையில் கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆறு பொம்பளைங்க உசுரை விட்டுட்டு இருக்க உனக்குச் சோறு எப்படிடி இறங்குச்சு என்று கேட்டாள், நான் நின்றுகொண்டே போனேன், காய்கறிக் கடையில் எடை போட்டவர், உங்களுக்கு என்னங்க, நல்லாத்தான் சாப்பிடுறீங்க என்றார், இணையத்தில் என் படத்தோடு ஒரு சோற்றுப் பருக்கையை ஒட்டி, சோத்துக்கொற்றி என்று பெயர் வைத்து, யாராவது வாக்குத் தவறினால் அந்தப் படத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டது, கட்சி மாறியவருக்கு அது, ஜிம்முக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிரியாணிக் கடையில் நின்றவனுக்கும் அது, எனக்கோ ஒவ்வொரு வசவும் மாலை மாதிரி விழுந்தது, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பேன், என்னைத் திட்டுகிறார்கள், என்னை, பெயர் தெரிந்து திட்டுகிறார்கள். பவுனுக்குத்தான் கோபம் வரும், ஏண்டி, பிள்ளைய சுமக்கத்தான் தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன, குடி முழுகிப்போகுமா என்பாள், கதை வெளிய போகும்டி என்பேன், உன் மானம் போகுதே என்பாள், அது கொற்றியோட மானம்டி, என்னோடதில்ல என்பேன், அப்படி நான் சொன்னதை இப்போது நினைத்தால் என் காதுக்கே யாரோ பேசுவதுபோல இருக்கிறது.

குதிரை எனக்குப் பழக்கமே இல்லை, கபடி ஆடிய உடம்பு, ஓடச் சொன்னால் ஓடுவேன், ஏறச் சொன்னால் பின்வாங்குவேன், பவுனு அப்படியில்லை, பத்து வயதில் மாட்டுவண்டி ஓட்டியவள், இருபதில் சினிமாச் சண்டைக்குழுவில் சேர்ந்தவள், பெரிய பெரிய நடிகைகள் திரையில் குதிரையில் பாய்ந்து போகும்போது அந்த முதுகு பவுனுடைய முதுகு, இந்தத் தொடரில்தான் முதன்முதலாக அவளுக்கு முகமும் கிடைத்தது, செங்கல்பட்டுக்கு அப்பால் கைவிடப்பட்ட கல்குவாரியில் எங்கள் கொடுமலை எழுந்து நிற்கிறது, அட்டையும் பிளாஸ்டரும் சேர்ந்த கோட்டை, அதற்குக் கீழே மணல்வெளி, அங்கே வைத்து அவள் எனக்குச் சொல்லித்தந்தாள், கடிவாளத்தைப் பிடிக்காத, குதிரையைப் பிடி, பயந்தா அதுக்குத் தெரிஞ்சுபோகும், பயப்படு, ஆனா அதை அதுகிட்ட சொல்லிடு, அப்புறம் அது பயப்படாது என்பாள், நான் குதிரையின் காதில் குனிந்து எனக்குப் பயமா இருக்கு என்று சொல்வேன், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், பிறகு ஒருநாள் நாங்கள் ஏழு பேரும் ஒரே வரிசையில் அந்த மணலில் பாய்ந்தோம், புழுதி, வெயில், காதில் காற்று, பிளாஸ்டிக் வாள் இடுப்பில் அடிக்கிறது, ஹெலன் அக்கா நடுவில், பெரம்பூர் ஹெலன் அக்கா, எங்கள் தலைவியாக நடிப்பவர், ஐம்பத்திரண்டு வயது, அவர் போட்ட கூச்சலில் குவாரிச் சுவரே திருப்பிக் கூவியது, அந்தக் காட்சி முடிந்ததும் ஏழு பேரும் இறங்கமாட்டோம் என்று அடம்பிடித்து இன்னொரு சுற்று ஓட்டினோம், கேமரா இல்லாமல், எங்களுக்காக.

அதே மணல்வெளியின் ஓரத்தில்தான் அந்த மரப்பாலம், நெருப்புப் பாம்பு துரத்த ஆறு குதிரைகள் ஒவ்வொன்றாகக் கடக்கும் காட்சி, பழைய கதையாக நடுவில் காட்டுவதற்காக, பவுனு முதல் ஆள், பத்தரை மணி இருக்கும், நான் கோட்டை வாசலில் கவசத்தின் வாரைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், குளம்புச் சத்தம் பலகையில் தடதடவென்று வருகிறது, பிறகு ஒரு முறிவு, முதலில் அது ஒலிப்பதிவுக்காரர்கள் செய்த வேலை என்றுதான் நினைத்தேன், குதிரை எழுந்துவிட்டது, அவள் எழவில்லை. ஆம்புலன்சில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான், குதிரைக்கு ஒண்ணுமில்லல. இடுப்பெலும்பும் தொடையெலும்பும், இரண்டு அறுவைசிகிச்சை, செலவை எல்லாம் தயாரிப்புத் தரப்பு பேசாமல் கட்டிவிட்டது, அதில் குறையில்லை, ஆனால் மூன்றாம் நாள் மேனேஜர் சிங்காரவேலு ஒரு அறிக்கை எழுதி சண்டைக்குழு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார், கலைஞரின் கவனக்குறைவால் குதிரை தடுமாறி விழுந்தது, பாலத்தில் பழுது ஏதும் இல்லை. பவுனு அதைப் படித்தாள், படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள், நான் அன்னைக்குக் காலையிலேயே அந்தாளுகிட்ட சொன்னேன், பலகை தக்கை மாதிரி இருக்கு, மாத்துங்கன்னு, இப்ப நான் குதிரையத் தடுமாற விட்டவளாம், எலும்பு கூடிரும், இந்தப் பேரோட இனிமே எவன் என்னை நம்பிக் குதிரை தருவான். அவள் அழவில்லை, அதுதான் எங்களால் தாங்க முடியாமல் இருந்தது.

ஆறு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம், மாலை நாலரை, பார்வையாளர் நேரம், ஜன்னல் வழியாக வெயில் அவள் மாவுக்கட்டின்மேல் விழுகிறது, ஹெலன் அக்கா தன் கையை அதன்மேல் வைத்தார், அந்தப் பேப்பரை மாத்தி எழுதித் தர்ற வரைக்கும் நம்மள்ல ஒருத்தியும் செட்டுல காலை வைக்கக் கூடாது, செட் சோத்துல கையை வைக்கக் கூடாது, இன்னாம்மா சொல்றீங்க என்றார், ஒவ்வொரு கையாக அந்தக் கட்டின்மேல் வந்து விழுந்தது, கடைசியாக என் கை, யாரோ, அரசி வீழ்ந்தால் என்று வசனத்தைத் தொடங்க எல்லோரும் சிரித்துவிட்டோம், பவுனும் சிரித்தாள், வலிக்குதுடி சிரிக்க வைக்காதீங்க என்றாள், பிறகு சிரிப்பு நின்றது, கைகள் எடுக்கப்படாமல் அப்படியே இருந்தன, எனக்குப் பெருமையாக இருந்தது, நான் உண்மையாகவே சொன்னேன், ஒவ்வொரு எழுத்தும் உண்மையாகச் சொன்னேன், அதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மாலையில் நான் பொய் சொல்லவில்லை.

எட்டு நாட்கள், படப்பிடிப்பு தடுமாறியது, கதையில் இறந்துபோன அறுவரின் பழைய காட்சிகள் இல்லாமல் கதையை நகர்த்தப் பார்த்தார்கள், ஒன்பதாம் நாள் காலையில் மெய்கண்டன் போனில் பேசினார், வழக்கமான மெதுவான குரல், மேடம், அவைக்களக் காட்சி வியாழக்கிழமை, மொத்தத் தொடரும் அந்தக் காட்சியில்தான் நிக்குது, நீங்க வரலன்னா கொற்றி வழியிலயே செத்துட்டாள்னு ஒரு குரல் போட்டு முடிக்கச் சொல்லுது சேனல், எனக்கு மனசு வரல, ஆனா என் கையில எதுவும் இல்ல. அவைக்களக் காட்சி, அதை நான் மூன்று மாதங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், புதிய மன்னன் கொற்றியைச் சங்கிலியில் கட்டி அவைக்கு இழுத்துவருகிறான், அறுவர் இறந்தார்கள், நீ ஏன் உண்டாய் என்று கேட்கிறான், குழந்தையைக் காப்பாற்ற என்று சொன்னால் அவளுடைய மானம் திரும்பிவிடும், ஆனால் குழந்தை எங்கே என்ற கேள்வி வரும், குழந்தை செத்துவிடும், அவளுடைய ஊரே காறித் துப்பக் காத்திருக்கும் அந்த அவையில் அவள் தலையை நிமிர்த்தி மூன்றே மூன்று சொல் சொல்வாள், ஆம், பசித்தது, உண்டேன். குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பேருந்தில் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இட்லித் தட்டில் மாவை ஊற்றும்போது சொல்லியிருக்கிறேன், என்னால் தாங்க முடியாதது அந்த மூன்று சொற்களை இன்னொருத்தி சொல்வதுகூட இல்லை, அவற்றை யாருமே சொல்லாமல் போவதுதான். போனை வைத்தேன், எழுந்தேன், பையை எடுத்தேன், முழங்கால் பட்டை, தைலம், இரண்டு ஜோடி காலுறை, வசனத்தாள், ஒவ்வொன்றாக அடுக்கினேன், என் கை தானாக அடுக்கியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், தானாக இல்லை, நான்தான் அடுக்கினேன், மாவுக்கட்டின்மேல் வைத்த அதே கையால் ஜிப்பை இழுத்து மூடினேன்.

மறுநாள் புதன்கிழமை மாலை அந்தப் பையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கிருந்து அப்படியே செங்கல்பட்டுக்குப் போய்த் தங்கிவிடுவது என்று திட்டம், பையை வராந்தா நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு உள்ளே போனேன், வேறு யாரும் இல்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறுபடி கீழே போய் ஆரஞ்சு வாங்கிவந்து உரித்துக்கொண்டிருந்தேன், பவுனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னடி, தோலை விட்டுட்டு சுளையப் பிச்சுப் போடுற என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், நாளைக்கு அந்த அவை சீன்தானே, நீ போ. நான் திடுக்கிட்டேன், போ என்றாள் மறுபடியும், நான் சொல்லித்தான் போற, எனக்கு ஒரு வேலை இருக்கு, அன்னைக்குக் காலையில நான் சிங்காரவேலுகிட்ட பலகையப் பத்திப் பேசுனப்ப பக்கத்துல ரெண்டாவது கேமரா நின்னுச்சு, ஃபோகஸ் பாக்குறேன்னு முபாரக்கு ஓட விட்டிருப்பான், அதுல என் குரல் இருக்கும், நீ போயி அதைப் பிடிச்சுக்கிட்டு வா, ஹெலன் அக்காகிட்ட மூச்சு விடாத, வெளிய தெரிஞ்சா அழிச்சுருவாங்க. என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் ஒரு நொடியில் பஞ்சாகிவிட்டது, நான் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது, நான் வாக்குத் தவறவில்லை, நான் வேவு பார்க்கப் போகிறேன், படியில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை, பாதி இறங்கிய பிறகுதான் பையை மறந்தது நினைவுக்கு வந்து திரும்ப ஓடினேன்.

வியாழக்கிழமை காலை செட்டில் நுழைந்தபோது ஒருவரும் என்னோடு பேசவில்லை, ஒப்பனை போட்ட அம்மா என் முகத்தைப் பார்க்காமலே கரி பூசினாள், அதற்குள் ஹெலன் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது, அலைபேசியில் ஒரே வரி, நல்லா சாப்பிடு. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன், சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், பரிமாறியவர் கரண்டியைச் சற்று உயரத்திலிருந்தே கவிழ்த்தார், சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன், காலையிலிருந்து சங்கிலியோடு நாற்பது முறை அவைக்குள் இழுத்துவரப்பட்டிருக்கிறேன், முட்டி தேய்ந்து ரத்தம், முன்னூறு துணை நடிகர்கள் என்மேல் தூற்றிய மண் பல்லிடுக்கில் கடிபடுகிறது, என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, ஒவ்வொரு ஷாட்டும் நான் நினைத்ததைவிட உயரமாக எழுந்தது, கொற்றி என் தோலுக்குள் நடக்கிறாள், மெய்கண்டன் மானிட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் சங்கிலியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போகிறார், அந்தக் காலை முழுவதும், இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, அந்தக் காலை முழுவதும் பவுனை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. மோர் ஊற்றும்போது எதிர்ப்பந்தியில் முபாரக் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன், இரண்டாவது கேமராக்காரர், அவர் என்னைப் பார்த்ததும் சோற்றில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், அப்போதுதான் சுரீரென்று வந்தது, ஐயோ, பவுனு.

எழுந்து அவரிடம் போனேன், முபாரக் அண்ணே, அன்னைக்குக் காலையில கேமரா ஓடுச்சா என்றேன், அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது, சுற்றிலும் பார்த்தார், எட்டு நிமிஷம் இருக்கும்மா, யாரும் கேக்கல, நானும் சொல்லல, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க என்றார், சிங்காரவேலு பக்கத்து மேசையில் பல் குத்திக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தெரியாமல் அதை வாங்கிக்கொண்டு போவதா, வாங்கினாலும் யார் நம்புவார்கள், யோசித்துக்கொண்டே மிச்ச ஷாட்களை முடித்ததில் மாலையாகிவிட்டது, அசிஸ்டென்ட் வந்து கூப்பிட்டார், மேடம், கடைசி ஷாட், க்ளோசப், வெளிச்சம் போகுது. போய் நின்றேன், சங்கிலி பூட்டினார்கள், முன்னூறு பேரும் அமைதியானார்கள், புதிய மன்னன் கேட்டான், அறுவர் இறந்தனர், நீ ஏன் உண்டாய், கேமரா என் முகத்துக்கு அருகே வருகிறது, மூன்று சொற்களும் நாக்கில் தயாராக இருக்கின்றன, தேன் போல நிற்கின்றன, நான் வாயை மூடிக்கொண்டேன். கட், மறுபடியும், நீ ஏன் உண்டாய், நான் வாயைத் திறக்கவில்லை, மெய்கண்டன் எழுந்து வந்தார், என்ன மேடம், வசனம் மறந்துருச்சா, இல்ல சார், பவுனு விழுந்த அன்னைக்குக் காலையில முபாரக் அண்ணன் கேமராவுல எட்டு நிமிஷம் இருக்காம், அதை இங்க, எல்லாருக்கும் முன்னால, இந்த மானிட்டர்ல ஓட விடுங்க, அப்புறம் சொல்றேன் என்றேன், என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக இருந்தது, ஆனால் கழுத்தில் மைக் இருந்தது, ஒலிப்பெட்டியில் அது குவாரி முழுக்கக் கேட்டது. சிங்காரவேலு ஓடிவந்தார், இதென்ன புது நாடகம், நேரமாகுது, வெளிச்சம் போகுது என்றார், நான் சங்கிலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், என்ன திசை என்று பார்க்கவில்லை, மெய்கண்டன் மேற்கே சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிங்காரவேலைப் பார்த்தார், பிறகு, முபாரக், கொண்டா என்றார்.

திரையில் முதலில் குதிரைக் காது மட்டும்தான் தெரிந்தது, தெளிவில்லாமல், பிறகு தெளிவாகி, பிறகு மங்கி, படம் எதையோ தேடிக்கொண்டிருக்கிறது, ஆனால் குரல் துல்லியம், அண்ணே, இந்த மூணாவது பலகை தக்கை மாதிரி அமுங்குது, நானே மிதிச்சுப் பாத்தேன், மாத்திட்டு ஓட்டலாம்ணே, அது பவுனு, பிறகு சிங்காரவேலு, ஏம்மா, தச்சரு வர மத்தியானம் ஆகும், இந்த ஒரு ஷாட்டை ஓட்டிரு, நீ ஓட்டாத குதிரையா, பிறகு பவுனு, என்னைப் பத்தி இல்லண்ணே, எனக்குப் பின்னால அஞ்சு பேரு வருவாங்க, அப்ப நானே மொதல்ல போறேன், தாங்குதான்னு பாத்துட்டு அவங்களை விடுங்க. இதை நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை, அவளும் சொல்லவில்லை, குதிரைக் காது திரையில் விடைத்து அசைகிறது, முன்னூறு பேர் நிற்கிறார்கள், என்மேல் மண் தூற்றிய துணை நடிகர்களில் ஒரு வயதான பெண் சிங்காரவேலைப் பார்த்து, எழுதிக் குடுய்யா என்றாள், சத்தமாகக்கூட இல்லை, பிறகு இன்னொருவர், பிறகு நாலாபக்கமும், எழுதிக் குடு, எழுதிக் குடு, குவாரிச் சுவர் திருப்பிச் சொல்கிறது, சிங்காரவேலு எழுதினார், ஒப்பனை மேசையில் குனிந்து, பலகையின் பழுதால், முன்கூட்டியே எச்சரித்தும், என்று மெய்கண்டன் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரம் வெளிச்சம் மிச்சம் இருந்தது, எழுந்து நின்றேன், மன்னன் கேட்டான், நீ ஏன் உண்டாய், நான் தலையை நிமிர்த்தினேன், காலை முழுவதும் நான் மறந்திருந்தவளின் குரல் இன்னும் காதில் இருந்தது, ஆம், பசித்தது, உண்டேன், ஒரே டேக், அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா, ஹெலன் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், என்னமா ஏமாத்திட்ட கண்ணு, உன்னைப் போயி துப்பினேனே என்றார், பவுனு சொன்ன கதையை அவர் எல்லோருக்கும் சொன்னார், நான் சபதத்தை உடைத்தது ஒரு தந்திரம், உள்ளே புகுந்து உண்மையைத் தூக்கி வரத்தான் போனேன், என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று வாயைத் திறக்கவில்லை, கொற்றியேதான் என்றார்கள், அவைக்களக் காட்சி ஒளிபரப்பான வாரம் பத்திரிகைகள் அதை எழுதின, தாம்பரம் பேருந்தில் என்னை உட்காரச் சொல்லி ஒருத்தி எழுந்து நின்றாள், நான் உட்காரவில்லை, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். திட்டியபோது சிரிக்கத் தெரிந்தவளுக்குப் புகழும்போது உடம்பு கூசியது, மாலை ஒவ்வொன்றும் பையின் ஜிப் சத்தத்தோடு வந்து விழுந்தது, ஐந்து மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன், பொறுக்க முடியவில்லை.

பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு குதிரை லாயத்தில் பவுனு பயிற்சி தருகிறாள், ஊன்றுகோலோடு வேலியைச் சுற்றி நடந்துகொண்டே, காலை ஒன்பது மணி வெயில், வைக்கோல் வாசனை, நான் போய் நின்றதும், என்னடி, தொடரு ரெண்டாம் பாகம் ஆரம்பிக்குதாமே என்று கேட்கிறாள், நான் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறேன், நீ போகச் சொல்றதுக்கு முன்னாலயே நான் பையை அடுக்கிட்டேன் பவுனு, நீ போகச் சொல்லலன்னாலும் போயிருப்பேன், நடிக்கத்தான் போனேன், அங்க போயும் மத்தியானம் வரைக்கும் உன் நினைப்பே இல்ல, இதுதான் நடந்தது. அவள் ஊன்றுகோலை வேலியில் சாய்த்தாள், தெரியும்டி என்றாள், என்ன தெரியும் என்றேன், பை தெரியும் என்றாள், உங்க தோழி ஊருக்குப் போறாங்களா, வெளிய பை இருக்கேன்னு நர்சு வந்து கேட்டா, நீ அப்பத்தான் ஆரஞ்சு வாங்கப் போயிருந்த. தெரிஞ்சா ஏன் போகச் சொன்ன என்றேன், அவள் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள், நீ எப்படியும் போகப் போற, சும்மா போனா வாக்கை முறிச்சுட்டுப் போனவ ஆயிருவ, அந்த நினைப்போட திரும்ப என் மூஞ்சியில முழிப்பியா, முழிக்க மாட்ட, எனக்கு நீ வேணும்ல, அதான் ஒரு வேலையச் சொல்லி அனுப்புனேன். அந்தக் கேமரா, என்றேன், அது ஓடுச்சா இல்லையான்னு எனக்கு எப்படிடி தெரியும், வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நெசமாவே ஓடியிருக்குன்னு நீ சொன்னப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு என்று சொல்லி அவள் சிரிக்கத் தொடங்கினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் அழுகையும் சிரிப்புமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஹெலன் அக்காகிட்ட சொல்லிரப் போறேன் என்றேன், சொல்லு, எதிர்ல நின்னு சொல்லாத, போன்ல சொல்லு என்றாள்.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள், லாயக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார், டாக்டரு இன்னும் ரெண்டு மாசம் ஏறக் கூடாதுன்னுருக்காரு, நேத்து நடந்து பாத்தேன், வலிக்கவே இல்ல, இங்க வா, கையைக் கோத்துக் கீழ புடி என்றாள், நான் குனிந்து இரண்டு கையையும் கோத்துப் பிடித்தேன், அவள் இடது காலைத் தூக்கி வைத்தாள், அவளுடைய கனம் முழுவதும் என் விரல்களில் இறங்கியது, ஏறுவதற்கு முன் ஒரு நொடி நின்று, இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு என்றாள், அதெல்லாம் பண்ண மாட்டேன், ஏறு என்றேன்.